கடலூருக்கு விற்றால் என்.ஓ.சி. வேண்டும், மாஹேவுக்கு வேண்டாம்! பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பது எப்படி?

(திரையில்: முள்ளோடை எல்லை)

புதுச்சேரி நம்பர் உள்ள காரைக் கடலூர்க்காரர் ஒருவர் வாங்குகிறார். தூரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். என்.ஓ.சி., அதாவது நம் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று, இல்லாமல் அவர் பெயருக்கு மாறாது. அதே காரைக் கேரளக் கரையில் இருக்கும் மாஹேக்காரர் வாங்கினால் என்.ஓ.சி. தேவையில்லை!

வணக்கம் நண்பர்களே. தாத்தா காலத்திலிருந்து ஷெட்டில் பத்திரமாக நிற்கும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை விற்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் அந்த மாஹே விஷயம். மாஹே, காரைக்கால், ஏனாம் எல்லாமே பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தவை, அதனால் இன்றும் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான். மாஹே வண்டிக்கு பி.ஒய். 03, நம் ஊருக்கு பி.ஒய். 01. கடலூரோ தமிழ்நாடு, அதனால்தான் அங்கே விற்க என்.ஓ.சி. எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், இந்தப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்டில். ஸ்பிட்ஃபயர் உலகத்துக்கு அறிமுகமானது அதே ஆண்டு அக்டோபரில்!

அப்புறம் ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்து அவர் காலமாகியிருந்தால், படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகுதான் விற்பனை. விற்கும்போது படிவம் 29, 30. முடிந்தது.

இப்போது வண்டி. தயவுசெய்து விற்பதற்காகப் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். பளபளப்பைப் பார்த்ததுமே, உள்ளே பட்டி போட்டுத் துருவை மறைத்திருக்கிறார்களோ என்றுதான் விவரம் தெரிந்தவர் சந்தேகப்படுவார். இந்தக் காருக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. ஆனாலும் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகடுகளும் பாரம் தாங்குகின்றன. நம் கடற்கரை உப்புக்காற்று அவற்றை அரித்திருந்தால் வண்டியே பலவீனமாகிவிடும். அந்த இடத்தை நீங்களே படம் எடுத்துக் காட்டுங்கள். மங்கிய பழைய பெயின்ட்டும் பழைய சர்வீஸ் பில்களும் உங்களுக்காகப் பேசும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பார்கள். ஸ்பிட்ஃபயர், ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடித்தளத்திலிருந்து பிறந்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரித்தார்கள்! இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலொட்டி. எல்லா பாகமும் பொருந்தாது, ஆனாலும் ஹெரால்டு பார்த்துப் பழகிய மெக்கானிக்குக்கு இது புரியாத வண்டி இல்லை. இதை வாங்க வருபவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருந்தால், 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. அப்படிப் பதிவான வண்டியை விற்றால் 90 நாளுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடலூர், புதுச்சேரி பக்கம் ஹெரால்டு பாகங்கள் வைத்திருப்பவர்கள், அந்த வண்டியில் கை பழகிய மெக்கானிக்குகள் கமென்ட்டில் சொல்லுங்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அந்தத் தகவல்தான் இப்போது தேவை.