சவத்தை வெட்டித் தள்ளுங்க

(பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் கூட்டத்தில் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். மரத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். அதற்குத் தகுதியான ஆள் நான் இல்லை. நம் தெரு வேப்பமரத்தை வெட்டச் சொல்லிக் கொடுத்த மனுவில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. முதல் கையெழுத்துக்காரர் முன்வரிசையில்தான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மரத்து மூட்டில் ஸ்கூட்டரை நிறுத்தினால் காலையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி காக்கா எச்சம், வாசலை எத்தனை தடவை தூத்தாலும் சருகு. "சவத்தை வெட்டித் தள்ளுங்க" என்று நான்தான் சொன்னேன். வைகாசி மாதம் வெட்டினார்கள். பெரிய கொப்பு விழுந்தபோது சுள்ளியும் கம்பித்துண்டுமாகக் கட்டியிருந்த கூடும் சேர்ந்து விழுந்தது. உள்ளே மூன்று காக்கைக் குஞ்சும், அதுகளோடு ஒண்டிக்கொண்டு ஒரு குயில் குஞ்சும். ஒன்றும் பிழைக்கவில்லை. தாய்க்காக்கை மரம் அறுத்தவரை விட்டுவிட்டு ஒரு வாரம் என் தலையைத்தான் குறிவைத்தது. அதற்கு எப்படித் தெரிந்ததோ!

காக்கையாவது அடுத்த வருஷம் வேறு மரத்தில் கூடு கட்டிக்கொள்ளும். அந்த வேம்பின் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை இருந்ததே, அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்தல். பட்டப்பகலில் கரண்டு கம்பியில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்து, மரம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆந்தைக்குப் பொந்து தோண்டத் தெரியாது. மைனாவுக்கும் அப்படித்தான், கிளியும் பெரும்பாலும் கிடைத்த பொந்தில்தான் குடியேறும். மரங்கொத்தியும் குக்குறுவானும் பட்டுப்போன கொப்பில் டொக்கு டொக்கென்று குடைந்து, குஞ்சு பொரித்துவிட்டுப் போன பிறகு மற்றவை உள்ளே வரும். கொப்பு ஒடிந்த இடம் உளுத்து உண்டாகிற பொந்தும் உண்டு. எப்படியானாலும் மரத்துக்கு வயசாகியிருக்க வேண்டும். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட்டுவிட்டோம் என்கிறார்களே, நடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விரல் பருமன் கன்றில் ஆந்தை எங்கே போய்க் குடியிருக்கும்? நாற்பது வருஷம் காத்திருக்கச் சொல்வதா?

ரோடு போட மரம் போகிறது என்று பேசுகிறோம். போகிறதுதான். தென்காசி ரோட்டில் நிழலிலேயே போன காலம் இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் தெருவுக்குள் போகிற மரமெல்லாம் ரோட்டுக்காகவா போகிறது? சிமெண்டுத் தளம் அழுக்காகிறது, தண்ணீர்த் தொட்டியில் இலை விழுகிறது, ஆந்தை கத்தினால் வீட்டுக்கு ஆகாது, இவ்வளவுதான் நம் காரணங்கள்.

இதே ஜில்லாவில் கூந்தன்குளத்துக்காரர்களைப் பாருங்கள். நாங்குநேரிப் பக்கம், மணிமுத்தாறு தண்ணீர் வருகிற குளம். அரசு 1994இல் சரணாலயம் என்று அறிவித்தது, ஊர்க்காரர்கள் அதற்கு ரொம்ப முன்னாலேயே பறவைகளைக் காத்துவந்தார்கள். குளத்துக் கருவேலமரங்களில் மட்டுமல்ல, வீட்டுப் புறவாசல் மரத்திலும் நாரைகள் கூடு கட்டும், பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளை மாதிரி. தீபாவளிக்கு வெடி கிடையாது. கீழே விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பார்கள். நாற்றம் இல்லாமலா இருக்கும்? கூழைக்கடா கூட்டுக்கு அடியில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள், அப்போது தெரியும். ஆனால் அந்த எச்சம் கலந்த தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. நாம் ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டே திட்டுகிற அதே சரக்கு.

இன்னொன்று திருப்புடைமருதூர். கடனா ஆறு தாமிரபரணியோடு சேருகிற இடம், நாறும்பூநாதர் கோயில், தலமரம் மருதம். அங்கே ஆற்றங்கரை மரங்களில் கொக்கும் நாரையும் அடைகிற சின்ன இடத்தை, 2.84 ஹெக்டேர்தான், சுமார் ஏழு ஏக்கர், 2005இல் பறவைகள் காப்பகமாக (சரணாலயம் இல்லை, 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்கிற வேறு வகை) அறிவித்தார்கள். இந்தியாவிலேயே அந்த வகையில் முதலாவது இதுதான். களக்காடு முண்டந்துறைக் காட்டைக் காப்பதைப் போல ஊருக்குள் நிற்கிற மரத்தையும் காப்பது சட்டப்படி சாத்தியம் என்று காட்டியது பக்கத்திலிருக்கிற ஒரு சின்ன ஊர். நாமோ தினமும் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள், ஒருநாளாவது அங்கே இறங்கிப் பார்த்திருப்போமா?

சரி, நம் தெருவுக்கு வருகிறேன். முனையில் நிற்கிற வாகையை வெட்டச் சொல்லி மறுபடி ஒரு மனு சுற்றுகிறது. அது பொது இடத்து மரம், வெட்டுவதென்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். நேற்றுச் சாயங்காலம் நானும் பேரனும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். பட்ட கொப்பில் மூன்று பொந்து. ஒன்றில் மைனா வாயில் புழுவோடு நுழைகிறது. இன்னொன்றிலிருந்து கிளி தலையை நீட்டி எங்களை வேவு பார்த்தது. மூன்றாவது என்ன என்று இருட்டின பிறகு தெரிந்தது, என் கணக்கில் அது பழைய ஜோடிதான், பேரன் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பியில் உரசுகிற கொப்பை மட்டும் கழித்தால் போதும், அதையும் குஞ்சுகள் பறந்த பிறகு செய்யுங்கள் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது இடத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். முதல் இடம் காலியாக இருக்கிறது. முன்வரிசை அண்ணாச்சி, பேனா இந்தாங்க.