ஐந்து அடுக்கு, ஏழு அடுக்கு, கார்பன்: டேபிள் டென்னிஸ் பிளேடுகளில் உண்மையில் என்ன வித்தியாசம்?

(திரையில்: ரப்பர் ஒட்டாத மூன்று பிளேடுகள், அதாவது மட்டையின் மரப் பகுதி மட்டும். விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறோம்.)

சத்தத்தைக் கவனித்தீர்களா? முதலாவது 'டொக்'. இரண்டாவது அதைவிட இறுக்கமான 'டக்'. மூன்றாவது கிட்டத்தட்ட 'டிங்'. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே எடைதான். பிளேடு விறைப்பாக இருந்தால் சுருதி ஏறும். எடை கூடினால் இறங்கும். அதனால்தான் எடை ஒத்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

பெட்டியின் மேல் 'வேகம் 9, கட்டுப்பாடு 8' என்று போட்டிருப்பார்களே, அதை நான் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலில் போடும் எண் அது. இந்த 'டொக்'கும் 'டிங்'கும் அதைவிட நேர்மையானவை.

(திரையில்: ஐந்து அடுக்கு பிளேடின் ஓரம், மிக அருகில்.)

முதலில் ஐந்து அடுக்கு. நடுவில் தடிமனான, லேசான மரம், பெரும்பாலும் ஆயூஸ். வெளியே மெல்லிய லிம்பா. லிம்பா மென்மையானது. மெதுவாக லூப் செய்யும்போது, அதாவது பந்தை மேல்நோக்கித் தேய்த்துச் சுழலவிடும்போது, பந்து ஒரு கணம் மட்டையில் அமிழ்ந்துவிட்டுக் கிளம்புவது போலக் கைக்குத் தெரியும். பந்து எங்கே பட்டது, நடுவிலா ஓரத்திலா என்பதைக் கைப்பிடியில் வரும் அதிர்வே சொல்லிவிடும். வெளி அடுக்கில் லிம்பாவுக்குப் பதில் கோட்டோ மரம் இருந்தால் கதை மாறும். அது கடினம், பந்து சட்டென்று கிளம்பும்.

ஏழு அடுக்கு பிளேடு பொதுவாகத் தடிமனும் எடையும் கூடியது. பிளாக் செய்யும்போது, அதாவது மட்டையை வைத்துப் பந்தைத் தடுத்துத் திருப்பும்போது, எதிராளியின் வேகத்துக்கு அசைந்து கொடுக்காது. மேசையை ஒட்டி நின்று அடிப்பவர்களுக்கு இது பிடிக்கும்.

இங்கே தடிமனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 6 மி.மீ. பிளேடை அதே மரங்களில் 6.5 மி.மீ. ஆக்கினால் என்ன ஆகும்? அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் விறைப்பு கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். ஒரே அடுக்கு ஹினோக்கி மரத்தில் செய்யும் ஜப்பானிய பென்ஹோல்டு (பேனா போலப் பிடிக்கும்) பிளேடுகளின் ரகசியமும் இதுதான். மரம் மென்மை, தடிமனோ 9, 10 மி.மீ. தொடும்போது பஞ்சு மாதிரி, அடித்தால் பந்து பறக்கும்.

(திரையில்: இரண்டு கார்பன் பிளேடுகளின் ஓரம். கறுப்புக் கோடு எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி காட்டுகிறது.)

சரி, கார்பனுக்கு வருவோம். கார்பன் பிளேடு என்றாலும் அது மரப் பிளேடுதான். விதிப்படி தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். கார்பன் போன்ற ஒரு இழை அடுக்கு மொத்தத் தடிமனில் 7.5 சதவீதத்தையோ 0.35 மி.மீ.யையோ, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது.

அந்த மெல்லிய அடுக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயமே. பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியாவில் அது வெளி மரத்துக்கு நேர் கீழே. அதே நிறுவனத்தின் இன்னர்ஃபோர்ஸ் லேயர் வகையில் நடு மரத்தை ஒட்டி உள்ளே. இரண்டிலும் ஆரிலேட்-கார்பன் (ஆரிலேட் என்ற செயற்கை இழையும் கார்பனும் கலந்தது) இழை இருந்தாலும் கைக்கு இரண்டும் வேறு. தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மேலும் கீழும் அகலம், நடுவில் ஒல்லி. வளையாமல் தடுப்பது நடுவிலிருந்து தள்ளி இருக்கும் பகுதிதான். அதனால் கார்பன் வெளியே இருந்தால் பிளேடு விறைத்து நிற்கும். உள்ளே இருந்தால் மர பிளேடு போலவே வளைந்து கொடுக்கும், ஓங்கி அடிக்கும்போது மட்டும் தன் வேலையைக் காட்டும்.

இதையெல்லாம் ஸ்மாஷ் அடித்துச் சோதிப்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முதல் கார்பன் பிளேடில் அடித்த ஸ்மாஷ்களைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். அப்புறம் ஆட்டத்தில் எதிராளி குட்டையாக சர்வ் போட, என் புஷ் (பந்தின் அடியைக் கீறி மெதுவாகத் திருப்பும் அடி) ஒவ்வொன்றும் உயரமாக மிதந்து போனது. ஸ்மாஷில் எந்த பிளேடும் போதுமான வேகம்தான். 2.7 கிராம் பந்தை மெல்லத் தொட்டு வைக்கும்போதுதான் பிளேடுகள் பிரிகின்றன.

சோதிக்கும்போது ஒரே ரப்பர், ரப்பருக்கு அடியில் ஒரே ஸ்பாஞ்ச் தடிமன் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது ரப்பரை. எடையையும் பாருங்கள். மரம் மரம்தானே, ஒரே மாடலில் ஒன்று 84 கிராம், இன்னொன்று 91 கிராம் என்று வருவது சகஜம்.

(திரையில்: குட்டையான சர்வுக்கு மூன்று பிளேடாலும் அதே புஷ். முதல் இரண்டிலும் பந்து எதிர்ப்பக்கம் இரண்டு முறை குதிக்கிறது. மூன்றாவதில் ஒரே குதி, மேசையைத் தாண்டிவிடுகிறது.)

அந்த மூன்றாவது, கார்பன் வெளியே இருப்பது. என் பையில் இப்போது இருப்பது முதலாவது.