தினம் பேர் மாறுற படத்தை எப்படிப் புடிக்கிறது

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நெட்ல இருக்கிற ஒரு படத்தை பைத்தான்ங்கிற ப்ரோக்ராம் மொழில நாலு வரி எழுதி டவுன்லோட் பண்றது பெரிய வேலையே இல்ல, ரிக்வெஸ்ட்ஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு, அட்ரஸைக் குடுத்தா எடுத்துட்டு வந்துரும். ஆனா அந்த அட்ரஸே தினம் மாறுதுன்னா என்ன பண்றது? கம்ப்யூட்டர் படிக்கிற பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது, நேரடியா ஒரு சைட்டை எடுத்துக்கிட்டே சொல்றேன்.

நாசாவோட சைட்ல ஆஸ்ட்ரானமி பிக்சர் ஆஃப் த டேன்னு ஒரு பக்கம் இருக்கு, சுருக்கமா ஏபாட்னு சொல்லுவாங்க. 1995 ஜூன் 16-ல ராபர்ட் நெமிராஃப், ஜெர்ரி பான்னெல்னு ரெண்டு வானியல் விஞ்ஞானிங்க ஆரம்பிச்சது. ஒரு நாளைக்கு ஒரு விண்வெளிப் படம், கீழயே சின்னதா ஒரு விளக்கம். வானத்தைப் பாத்து ஆசைப்படுற எந்தப் பிள்ளைக்கும் நான் முதல்ல காட்டுறது இதைத்தான்.

இதுல பக்கத்தோட அட்ரஸ் ஈஸி. ஏ, பி, அப்புறம் வருஷம் மாசம் தேதி ரெண்டு ரெண்டு எண்ணா வரும். 2024 மார்ச் 5-ன்னா ஏபி 240305. பைத்தான்ல தேதியை இப்படி மாத்த ஒரே ஒரு ஃபங்ஷன் போதும், லூப் போட்டா 1995 வரைக்கும் பின்னாடி போகலாம். சரி, படத்தோட அட்ரஸ்? அங்கதான் மாட்டிக்குவோம். அந்த ஃபைல் பேர்ல நெபுலா பேர் இருக்கும், படம் எடுத்தவர் பேர் இருக்கும், அளவு இருக்கும், தேதியை வச்சு கணக்குப் போட்டு அதை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நிறைய பேர் இங்க வந்து அட்ரஸை யூகிக்கப் பாக்குறாங்க, அது வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், படம் எங்க இருக்குன்னு அந்தப் பக்கத்துகிட்டயே கேட்டுக்கணும்.

எப்படின்னா, முதல்ல ரிக்வெஸ்ட்ஸ் வச்சு பக்கத்தை எடுங்க, எடுத்ததை பியூட்டிஃபுல் சூப்னு இன்னொரு லைப்ரரி கையில குடுங்க, அது பக்கத்தை எழுதியிருக்கிற எச்டிஎம்எல்லைப் பிரிச்சுக் காட்டும், அதுல படத்தைக் குறிக்கிற இமேஜ் டேகைத் தேடுங்க. அந்த டேகைச் சுத்தி ஒரு லிங்க் இருக்கும், பெரிய சைஸ் படம் அதுலதான் இருக்கும், இமேஜ் டேகுக்குள்ள இருக்கிறது சின்னது. இன்னொன்னு, அந்த லிங்க் முழு அட்ரஸா இருக்காது, இமேஜ்னு ஒரு ஃபோல்டர் பேர்ல இருந்துதான் ஆரம்பிக்கும். அதை அப்படியே ரிக்வெஸ்ட்ஸ்கிட்ட குடுத்தா எரர்தான் வரும். பைத்தான்லயே யூஆர்எல்ஜாயின்னு ஒன்னு இருக்கு, பக்கத்து அட்ரஸையும் இந்தப் பாதி அட்ரஸையும் குடுத்தா முழுசா சேத்துத் தரும்.

சேவ் பண்ணும்போது ஃபைலை பைனரி மோடுல திறங்க, எழுதுறது ரிக்வெஸ்ட்ஸ் தர்ற கன்டென்ட்டா, அதாவது வந்த பைட்டுங்க அப்படியே இருக்கணும், டெக்ஸ்ட்டா எழுதுனா படம் திறக்காது. டைம்அவுட்டும், அதாவது எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு, நீங்களே குடுங்க, 30 செகண்ட்னு வைங்க, ஏன்னா ரிக்வெஸ்ட்ஸ் தானா எந்த டைம்அவுட்டும் வைக்காது, சர்வர் பதில் சொல்லலன்னா ஸ்கிரிப்ட் பாட்டுக்கு காத்துக்கிட்டே நிக்கும்.

வந்தது படம்தானான்னு பாக்குறது ரொம்ப முக்கியம், இதை யாரும் விட்றாதீங்க. சர்வர்கிட்ட இருந்து 200-ன்னு ஸ்டேட்டஸ் நம்பர் வந்தா எல்லாம் சரின்னு நினைக்கிறோம், ஆனா சில சர்வர் "பக்கம் இல்லை"ங்கிற செய்தியையும் 200 போட்டே அனுப்பும், நம்ம ஸ்கிரிப்ட் அதை ஜேபெக்னு பேர் வச்சு சேவ் பண்ணிரும். அதனால வந்தது என்ன வகைன்னு சர்வர் கூடவே அனுப்புற கன்டென்ட் டைப் ஹெடர் இமேஜ்னு ஆரம்பிக்குதான்னு பாருங்க. இன்னும் உறுதியா வேணும்னா ஃபைலோட முதல் ரெண்டு பைட்டைப் பாருங்க, ஜேபெக்னா எஃப்எஃப், டி8-ன்னு இருக்கும்.

ஏபாட்ல சில நாள் படத்துக்குப் பதிலா வீடியோ வரும். அன்னைக்கு இமேஜ் டேகே இல்லாம போகலாம், தேடுனா ஒன்னும் இல்லன்னு அர்த்தத்துல நன் (None)-னு வரும், அதுல இருந்து லிங்க் எடுக்கப் பாத்தா ஸ்கிரிப்ட் எரர் ஆகி நின்னுரும், அதனால இருக்கான்னு பாத்துட்டு இல்லன்னா அடுத்த நாளுக்குத் தாண்டிப் போற மாதிரி எழுதுங்க. ஆரம்பத்துல இருந்து எடுக்கிறவங்க இன்னொன்னு கவனிங்க, முதல் படம் வந்ததுக்கு அப்புறம் ஜூன் 17, 18, 19 மூணு நாளும் எதுவுமே கிடையாது, 20-ல இருந்துதான் தொடருது. அப்புறம் வருஷம் ரெண்டு எண்ணா இருக்கிறதால 2000-க்கு அப்புறம் வந்ததெல்லாம் 95-க்கு முன்னாடி வரிசையில நிக்கும், உங்க ஃபைல் பேர்ல வருஷத்தை நாலு எண்ணாவே வைங்க.

நம்ம ஊர்ல காலைல 6 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓட வைக்கிறவங்களுக்கு அன்னைக்குத் தேதி போட்ட பக்கம் கிடைக்காது. அங்க படம் மாறுறது அமெரிக்கக் கிழக்குக் கரையோட நள்ளிரவு கணக்குல, நமக்கு அது காலை ஒன்பதரை, குளிர்காலத்துல பத்தரை. பதினோரு மணிக்கு ஓட விடுங்க.

இவ்வளவு வேலையும் இல்லாம எடுக்க நாசாவே ஏபிஐ குடுத்திருக்கு, அதாவது ஸ்கிரிப்ட் நேரடியா கேட்டு தகவல் வாங்குற வழி, ஜேசான்ங்கிற டெக்ஸ்ட் வடிவத்துல படத்தோட அட்ரஸ், பெரிய படத்தோட அட்ரஸ், அது படமா வீடியோவா எல்லாம் தனித்தனியா வரும். கேக்கும்போது கீன்னு ஒரு அடையாளக் குறி குடுக்கணும், எல்லாருக்கும் பொதுவான டெமோ கீ வச்சா மணிக்கு 30, நாளைக்கு 50 தடவைதான் கேக்கலாம், இலவசமா சொந்தக் கீ வாங்கிக்கிட்டா மணிக்கு 1000. ஏபிஐ இருக்கிற இடத்துல அதைத்தான் எடுத்துக்கணும்னு நான் சொல்லுவேன். இல்லாத சைட்டுக்குத்தான் பியூட்டிஃபுல் சூப் வழி, அங்க ஸ்கிரிப்ட் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாதுன்னு சைட்டே சொல்லி வச்சிருக்கிற ரோபாட்ஸ் ஃபைலைப் படிச்சுட்டு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு செகண்ட் ஸ்லீப் போட்டு எடுங்க, அந்தச் சர்வரை நம்மள மாதிரி எத்தனையோ பேர் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

கடைசியா ஒன்னு. ஏபாட்ல வர்ற படம் எல்லாமே நாசா எடுத்தது இல்ல, ராத்திரி பூரா முழிச்சு டெலஸ்கோப் முன்னாடி உக்காந்து எடுத்த தனி ஆளுங்களோட படம் நிறைய வரும், காப்பிரைட் அவங்களோடது. ஏபிஐல காப்பிரைட்னு ஒரு ஃபீல்டு வந்தா அதுல இருக்கிற பேரையும் படத்தோட சேத்து சேவ் பண்ணுங்க, எங்கயாவது போடணும்னா முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. வணக்கம்.