தவறான விடைக்குள் இருக்கும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு எண்களைச் சொல்கிறேன்; தாளும் பேனாவும் வேண்டாம். 0.3, 0.25. இவற்றுள் எது பெரியது என்று ஐந்தாம் வகுப்பில் நான் கேட்டபோது, 0.25தான் என்றாள் ஒரு மாணவி. தவறு என்று சொல்லிச் சரியான விடையைக் கரும்பலகையில் எழுதினேன், அவளும் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் அதே வகைக் கணக்கில் அதே தவறு. அன்றுதான், “எப்படியம்மா கண்டுபிடித்தாய்?” என்று கேட்டேன். (ஆசிரியராகி ஆறு ஆண்டுகளில் அதுவே முதல் முறை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.) “மூன்றைவிட இருபத்தைந்து பெரியதுதானே, சார்?” என்றாள்.

முழு எண்களில் அவளை ஒருநாளும் கைவிடாத விதி அது. புதிய செய்தியைக் குழந்தை தன்னிடம் ஏற்கெனவே உள்ள அமைப்புக்குள் பொருத்திப் பார்க்கிறது, பொருந்தாதபோதுதான் அந்த அமைப்பையே மாற்றிக்கொள்கிறது என்று உளவியலாளர் ஜான் பியாஜே விளக்கியது இதைத்தான். கற்பவரே தம் அறிவைக் கட்டிக்கொள்கிறார் என்னும், கட்டமைப்புவாதம் என்று நாம் சொல்லும் கற்றல் கோட்பாட்டின் வேர் இங்கே இருக்கிறது. நான் கரும்பலகையில் எழுதிய விடை அவளுடைய விதியைத் தொடவே இல்லை.

எனவே மீட்டர் நாடாவையும் நூலையும் கொடுத்து, 0.3 மீட்டருக்கு ஒன்று, 0.25 மீட்டருக்கு ஒன்று வெட்டச் சொன்னேன். முதலாவது 30 சென்டிமீட்டர், அடுத்தது 25. இரண்டு நூல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். மறுநாளே, முப்பதைவிட நூற்றிருபத்தைந்து பெரியது என்பதால் 0.3ஐவிட 0.125 பெரியது என்றாள்! பழைய விதி போய், பாதி சரியான புதிய விதி வந்திருந்தது. அதையும் அவளே கட்டியிருந்தாள்.

குழந்தையே கட்டட்டும் என்று ஆசிரியர் ஒதுங்கிவிடலாமா? கூடாது. பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்த சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி, தனியாக முடியாததை அறிந்தவர் துணையோடு குழந்தை செய்யும் எல்லையையே முக்கியமாகக் கருதினார். அந்தத் துணைக்கு 1976இல் வுட், புரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கொடுத்த பெயர், கட்டட வேலையில் கட்டும் சாரம். சுவர் எழும்வரை நிற்கும், எழுந்ததும் அவிழ்க்கப்படும். வழிகாட்டல் மிகக் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்போருக்கு உதவாது என்று 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் எழுப்பிய கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். அன்று நாடாவை எடுத்துக் கொடுத்தவன் நான்தானே.

தேர்வு முறையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, ஒரு நிமிடமே மீதி என்று ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: விடைக்கு அளிக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, அந்த விடை வந்த வழிக்கு ஒதுக்குங்கள். வணக்கம்.