கழிவும் எங்கள் பையும்

(வன்னியில் ஒரு சனசமூக நிலையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சபையில் தோட்டக்காரர்கள் இருக்கிறீர்கள், வியாபாரிகள் இருக்கிறீர்கள், பையைத் தூக்கிக்கொண்டு போய் மரக்கறி வாங்குகிறவர்களும் இருக்கிறீர்கள். நான் வாங்குகிறவர்களின் பக்கம் நின்று பேசுகிறேன். விளைவிக்கிறவரின் கஷ்டத்தைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம். வியாபாரியின் லாபத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோம். வாங்குகிறவர் ஏன் சந்தைக்குப் போகிறார், ஏன் சில நாட்களில் மனம் வெறுத்துத் திரும்புகிறார் என்பதையும் கொஞ்சம் கேளுங்கள். தோட்டக்காரரின் நிறையில் வெட்டுகிற 'கழிவு' எங்கள் பையையும் எப்படித் தொடுகிறது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்கிறேன். வைகாசி, ஆனி மாதங்களில் ஏ9 வீதியோரத்தில் பாலைப்பழம் வரும். யாரும் நட்டு, தண்ணீர் விட்டு வளர்த்த பழம் அல்ல. எங்கள் காடு தருவது. சாப்பிட்டால் பால் உதட்டில் ஒட்டும், பிள்ளைகள் அதற்காகவே இன்னும் கேட்பார்கள். அதன் காலம் முடிந்தால் எவ்வளவு காசு கொடுத்தாலும் அடுத்த வருடம்தான். அப்புறம், விசுவமடு, முள்ளியவளைப் பக்கத்துக் கச்சான். பிடுங்கி மண் காயாத கச்சானை வாங்கி, உப்புப் போட்டு அவித்துச் சாப்பிட்டவருக்குக் கடையில் பைக்கற்றில் வருவது பிடிக்காது. தண்டில் பால் வடியும் வாழைக்குலை, காம்பு பச்சையாக இருக்கும் கத்தரிக்காய், காலையில் ஒடித்த முருங்கைக்காய் எல்லாம் அப்படித்தான். நான் இதை ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கு எங்கள் மண்ணில் என்ன விளைகிறது என்று எனக்குச் சந்தைதான் சொல்லித் தருகிறது.

இலைவகை விற்கிற அம்மாமாரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முசுட்டை, குறிஞ்சா, வல்லாரை, பொன்னாங்காணி என்று சின்னச் சின்னப் பிடியாகக் கட்டி, ஒரு சாக்கை விரித்து வைத்திருப்பார்கள். ஓர் இளம் பெண் குறிஞ்சாவைக் கையில் எடுத்துத் தயங்கினால், "கைக்கும்தான் பிள்ளை, தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் கூடப் போட்டு வறை செய்யுங்கோ, நாளைக்கும் வந்து கேப்பீங்கள்" என்பார்கள். சமையல் இப்படித்தான் கைமாறுகிறது. அந்தச் சாக்கு விரிக்க இடமில்லாமல் போனால், முசுட்டை இலையை அடையாளம் காணத் தெரியாத ஒரு தலைமுறை வரும். எனக்கு அது பெரிய பயம்.

சரி, இனி வருத்தத்துக்கு வருகிறேன். மேலே நல்ல தக்காளி, அடியில் நசிந்தது. சின்ன வெங்காயத்தை வீட்டில் கொட்டினால் ஒரு பங்கு அழுகல். முற்றிய வெண்டிக்காய் பிஞ்சின் விலையில் போகிறது; நுனியை ஒடித்துப் பார்த்தால் கோபிக்கிறார்கள். தராசின் முகம் வியாபாரியைப் பார்த்தபடி இருக்கிறது, வாங்குகிறவருக்கு எண் தெரியாது. மாரியில் மழை அடித்தால் பச்சைமிளகாய் விலை கை வைக்க முடியாதபடி ஏறும். அறுவடைக் காலத்தில் எல்லோரிடமும் பூசணிக்காய்தான், வாங்க ஆளில்லை. எங்கள் பூசணி லொறியில் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போகிறது. அங்கிருந்து கரட்டும் கோவாவும் லீக்ஸும் இங்கே வருகின்றன. அது வரட்டும், எங்கள் வெக்கைக்கு அவை நன்றாக விளையாதவை. ஆனால் இங்கே விளைந்த கத்தரிக்காயின் விலையையும் தம்புள்ளை விலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது.

இந்தக் குறைகளை நான் நீண்ட காலம் தனித்தனியாகத்தான் பார்த்தேன். அதிகாலையில் சந்தைக்குப் போய் நின்று பார்த்தபோதுதான் ஒரு தொடுப்பு விளங்கியது. விடியுமுன்னே தோட்டக்காரர் உரப்பையில் கத்தரிக்காயைக் கட்டி மோட்டார்சைக்கிளிலோ லான்ட்மாஸ்டரிலோ கொண்டுவருகிறார். நிறுக்கிறார்கள். 100 கிலோ இருந்தால் 10 கிலோவைக் கழிவு என்று கழித்து, 90 கிலோவுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் வடக்கின் சந்தைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. எத்தனையோ கூட்டங்களில் இதை நிறுத்தச் சொல்லிப் பேசியாயிற்று. பையில் ஒரு சொத்தைக் காய்கூட இல்லாவிட்டாலும் அந்தப் பத்துப் போகும். அப்படியென்றால் தோட்டக்காரர் எதற்காக இரவிரவாக விளக்கு வைத்துச் சொத்தையைப் பிரிக்கவேண்டும்? பிரித்தாலும் பத்து, பிரிக்காவிட்டாலும் பத்து. அவர் பிரிக்காமல் கட்டுகிறார். அந்தச் சொத்தைதான் காலை எட்டு மணிக்கு என்னுடைய பைக்குள் விழுகிறது. தோட்டக்காரரின் நட்டமும் என்னுடைய நட்டமும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன.

வியாபாரிகளுக்கும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். மரக்கறி வெயிலில் வாடி நிறை குறையும், விற்காத கீரையை மாலையில் மாட்டுக்குத்தான் போடவேண்டும், கடை வாடகை கட்டவேண்டும். அந்தச் செலவை விலையில் வெளிப்படையாக வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். தரம் பார்த்து முதல் தரத்துக்கு ஒரு விலை, இரண்டாம் தரத்துக்கு ஒரு விலை கொடுத்தால், பிரித்துக் கொண்டுவருகிறவருக்குக் கூலி கிடைக்கும். இரண்டாம் தரத்தைக் குறைந்த விலையில் வாங்கவும் எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம்.

எங்கள் மண்ணுக்கு நல்ல விலை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை மூத்தவர்கள் கண்டிருக்கிறீர்கள். 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் குடியேறிய படித்த வாலிபர்கள் மிளகாய்ச் செய்கையில் தலைநிமிர்ந்தார்கள். 1977இற்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்தக் காலம் போய்விட்டது. 2009இற்குப் பின் மீள்குடியேறி வந்தபோது, தறப்பாளின் கீழ், வீட்டு வளவில் விளைந்ததை வீதியோரத்தில் வைத்து விற்றுத்தான் எத்தனையோ பெண்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து தோட்டங்களைப் படுக்கவைத்தார்கள். அடுத்த வருடம் டீசல் இல்லாமல் லொறிகள் நின்றன. அந்த நாட்களில் எங்கள் அடுப்புக்குக் கறி வந்தது பக்கத்து வளவிலிருந்துதான். அப்படி வளவில் விளைவித்து விற்கிறவர்களுக்குச் சந்தைக்குள் நிற்க ஓர் உரிமையுள்ள இடம் இன்றைக்கும் இல்லை என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

பிரதேச சபைதான் சந்தையைக் குத்தகைக்குக் கொடுக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் நிபந்தனைகளை எழுதலாம். தாங்களே விளைவித்ததைக் கொண்டுவருகிறவர்களுக்குக் கூரையுள்ள ஒரு பகுதி. காலை ஒன்பது மணிவரை அவர்கள் நேரே எங்களுக்கு விற்கலாம். இலைவகை விற்கிறவர்களிடம் இடவரி வாங்கக்கூடாது. நிறுத்த நிறைக்கு முழுக் காசு, கழிவு கிடையாது. முத்திரையிட்ட பொதுத் தராசு ஒன்று வாசலில் இருக்கவேண்டும், யார் வேண்டுமானாலும் தன் பையை வைத்துப் பார்க்கலாம். வாங்குகிறவர்களும் ஒன்று செய்யவேண்டும்: கீரைப்பிடிக்குப் பேரம் பேசுவதை விட்டுவிடுவோம்.

இவற்றை ஒரு மனுவாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அடுத்த பிரதேச சபை அமர்வுக்கு முன் கொடுக்கவேண்டும். கையெழுத்து வைப்பதற்கு முன்னால், கழிவைப் பற்றி எழுதிய பந்தியை வியாபாரிகள் வாசித்துப் பாருங்கள். மாற்றவேண்டியது இருந்தால் இப்போதே, தோட்டக்காரர்கள் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.