கண்டக்டர் கையில் தடி

நேயர்களுக்கு வணக்கம்.

மூளைக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நடை பழகுவதைப் பற்றிப் பேச ஒரு டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே, கண்டக்டரை ஏன் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். "டாக்டர்கள் நிறையப் பேசிவிட்டார்கள், விழுந்து எழுந்தவர் ஒருத்தர் பேசட்டும்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

நான் 26 வருஷம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன். பெரும்பாலும் வேலூர் - திருவண்ணாமலை ரூட். கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் என்று ஒவ்வொரு ஸ்டாப்பும் எனக்கு மனப்பாடம். முகூர்த்த நாள், பௌர்ணமி என்றால் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை, வாயில் விசில். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. நீங்கள் எந்தக் கண்டக்டரை வேண்டுமானாலும் கவனித்துப் பாருங்கள், சீட்டின் ஓரத்தில் இடுப்பை லேசாக ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார். சாய்ந்து நிற்க மாட்டார், தொட்டுக்கொண்டு நிற்பார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்ப வருகிறேன்.

எனக்கு முதலில் வந்தது காதுக் கோளாறு. வலப்பக்கத்து சீட்டிலிருந்து "போளூர் ரெண்டு" என்று கேட்டால் காதில் விழாது. பயணிகள் சத்தம் போடுவார்கள். வயசாகிறது என்று விட்டுவிட்டேன். அப்புறம் ராத்திரியில் அந்தக் காதுக்குள் சுவர்க்கோழி கத்துகிற மாதிரி ஒரு இரைச்சல். அதையும் விட்டேன். ஒருநாள் டிரைவர் சாதாரணமாகத்தான் பிரேக் போட்டார், நான் ஒரு அம்மாவின் கூடை மேல் போய் விழுந்தேன். கூடை நிறையத் தக்காளி. அன்றைக்குத்தான் பயம் வந்தது. காதைச் சோதித்தார்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகிற எட்டாவது நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்கிற சாதுவான கட்டிதான், ஆனால் இடம் மோசம், பெரிதாகி மூளைத்தண்டை நெருக்குகிறது என்றார்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வருஷம் ஆகிறது.

கட்டி போனது. கூடவே வலக்காதும் போனது. அந்த நரம்பில் கேட்கிற கிளை ஒன்று, உடம்பை நிமிர்த்தி நிறுத்துகிற கிளை ஒன்று. இரண்டுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் கண் திறந்தால் ஃபேன் நிற்கிறது, அறை சுற்றுகிறது. கண்மணி தானாக ஒரு பக்கம் துடித்துத் துடித்துப் போகிறது. தலையை அசைத்தால் வாந்தி. மூன்றாம் நாள் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன், அதற்குள் வேர்த்துவிட்டது. நாலாம் நாள் வாக்கர் வந்தது.

வாக்கரைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியமே தப்பு. இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்து எழுந்தேன். அது என் மேலேயே சாய்ந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண், என் மகள் வயசு. "ஐயா, கட்டிலை அழுத்தி எழுந்திருங்க. நின்னதுக்கு அப்புறம் வாக்கரைப் பிடிங்க" என்றார். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். வாக்கரின் நாலு காலும் தரையில் உட்கார்ந்த பிறகுதான் நம் கால் நகர வேண்டும். அவசரத்தில் இரண்டு கால் அந்தரத்தில் இருக்கும்போதே நடந்தால் அது நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் வார்டு நடைபாதையில் வங்காளத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரும் வாக்கர் பழகினார். வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கடைப் பலகை கூட வங்காளியில் இருக்கும். இந்தியாவிலேயே மூளை, நரம்பு அறுவைச் சிகிச்சைக்கென்று முதல் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான். அப்போதிலிருந்து நாலா திசையிலிருந்தும் தலைவலியோடு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்குகிறார்கள். அந்தப் பெரியவருக்குக் கட்டி வேறு இடத்தில், இடது கையும் காலும் பலவீனம். அவருக்குப் பிறகு தடி கொடுத்தபோது நல்ல கையில், அதாவது வலக்கையில் கொடுத்தார்கள். நொண்டுகிற காலின் பக்கமே பிடிக்கத்தான் எல்லாருக்கும் கை போகும், அது தவறு. எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, பலவீனமான காலும் தடியும் சேர்ந்து முன்னே போக வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில். அவர் "ஆஸ்தே, ஆஸ்தே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். போகப்போக நானும் அதையே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

சிறுமூளையில் கட்டி இருந்தவர்கள் கதை இன்னும் வேறு. காலில் பலம் இருக்கும், ஆனால் கால் போடுகிற இடம் தப்பும், அகட்டி அகட்டி நடப்பார்கள். அதனால், பக்கத்து வீட்டுக்காரர் உபயோகித்த தடியை இரவல் வாங்கி நடக்காதீர்கள். எது, எந்தக் கையில், எத்தனை நாளைக்கு என்பதை ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கச்சேரி. குளியலறைக் கதவை விட வாக்கர் நாலு விரல் அகலம். நிலைப்படி ஒரு பக்கம், ஈரத் தரை ஒரு பக்கம், ஹவாய் செருப்பு ஒரு பக்கம். செருப்புக்குப் பின்வார் வேண்டும், வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே கட்ட வேண்டும், மிதியடியை எடுத்துவிட வேண்டும், இதெல்லாம் பேப்பரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேப்பரில் இல்லாத ஒன்றில்தான் நான் விழுந்தேன். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். அவ்வளவுதான். அடுத்த நொடி தரையில் கிடக்கிறேன்.

ஏன் என்று அந்தப் பெண்தான் விளக்கினார். நாம் நேராக நிற்கிறோமா என்று மூளைக்கு மூன்று பேர் தகவல் சொல்கிறார்கள். கண் ஒன்று. உள்காதில் நீர் நிறைந்த மூன்று வளையங்கள், அவை ஒன்று. பாதமும் மூட்டுகளும் ஒன்று. எனக்குக் காதுத் தகவல் பாதிதான் வருகிறது. கண்ணை மூடினால் கண் சொல்கிற தகவலும் போச்சு. ஈரத் தரையில் பாதமும் சரியாகச் சொல்லாது. மூன்று பேரும் கைவிட்டால் ஆள் கீழேதான். "இனிமே கண்ணை மூடுறப்போ ஒரு விரலால சுவரைத் தொட்டுக்கோங்க ஐயா. அழுத்த வேண்டாம், தொட்டா போதும்."

மறுநாள் செய்து பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி சுவரில் பட்டதும் ஆட்டம் நின்றது. ஒரு விரல் என் உடம்பைத் தாங்குமா? தாங்காது. ஆனால் சுவர் இங்கே இருக்கிறது, நீ இந்தப் பக்கம் சாய்கிறாய் என்று மூளைக்கு அது சொல்கிறது. கண்டக்டர் இடுப்பை சீட்டில் ஒட்டவைத்து நிற்பதும் இதுதானே! 26 வருஷம் செய்த காரியம், அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கு அப்புறம் தடி வந்தபோது நான் அதைச் சுவரைத் தொடுகிற விரலாகத்தான் பார்த்தேன். பார்த்தேனே தவிர, வெளியே எடுத்துக்கொண்டு போக வெட்கம். 58 வயசில் கிழவன் மாதிரியா என்று வீட்டிலேயே மாட்டி வைத்தேன். என் மனைவி, "பழநியாண்டவர் கையிலேயே தடி இருக்கு, உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்றாள். கேட்கவில்லை.

ஒருநாள் காலை எட்டு மணிக்குத் தடி இல்லாமல் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். படியில் கால் வைத்தேன், வண்டி லேசாக நகர்ந்தது, இடமும் வலமும் ஆடிக் கம்பியைப் பிடித்தேன். இளவட்டக் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன பெருசு, காலையிலயேவா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை, அதே ராகத்தில், எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அதில் எத்தனை பேர் குடித்திருந்தார்கள், எத்தனை பேர் தலையில் தையலோடு வந்தவர்கள், யாருக்குத் தெரியும்? அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து தடியை எடுத்தேன். தடி இருந்தால் நான் நிற்பதற்கு மட்டும் உதவியில்லை, எதிரே வருகிறவனும் ஒதுங்கிப் போகிறான். ஒரு காது மட்டும் உள்ளவனுக்கு ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. ரோட்டைக் கடக்க அதுவும் வேண்டும்.

அந்தப் பிசியோதெரபிஸ்டிடம் இதைச் சொன்னேன். அவர் டாக்டர் மேரி வர்கீஸ் கதையைச் சொன்னார். 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அப்புறம் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, இந்த ஊரிலேயே அந்தத் துறையை நடத்தினார். பாகாயத்தில் 1966-ல் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கு இன்றைக்கு அவர் பெயர்தான். அந்த வழியாக எத்தனை தடவை போயிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை.

தடியின் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும். உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், குட்டையாக இருந்தால் கூன் விழும். கடையில் கொடுத்த உயரத்திலேயே வருஷக்கணக்கில் நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். பக்கவாட்டில் இருக்கிற குமிழை அழுத்தினால் ஓட்டை மாறும், அரை நிமிஷ வேலை. அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷையும் மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மொட்டை டயரோடு வண்டி எடுக்கலாமா?

ஆனால் தடி மட்டும் போதாது. தலை சுற்றுகிறதே என்று தலையை ஆட்டாமல், சிலை மாதிரி உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் சீக்கிரம் சரியாவதில்லை. மிச்சம் இருக்கிற ஒரு பக்கத்துக் காதை வைத்துக் கணக்குப் போட மூளை கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத் தலை அசைய வேண்டும். எனக்குக் கொடுத்த பயிற்சி, சுவரில் மாட்டியிருக்கிற தினசரி காலண்டர். அன்றைய தேதியை உற்றுப் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும், எண் கலங்கக் கூடாது. முதல் வாரம் பத்துத் தடவை திருப்பினால் குமட்டும். மாதக் கடைசியில் ஒரு நிமிஷம் தாங்கியது. தலைசுற்றல் மாத்திரை ஆரம்பத்தில் உதவும்தான். ஆனால் நாள்கணக்கில் அதையே போட்டுக்கொண்டிருந்தால் மூளை கற்றுக்கொள்வது தாமதமாகும் என்று டாக்டர் சொன்னார். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

அப்புறம் கோட்டைப் பூங்கா. காலை ஆறு மணிக்கு மகன் கூட வர, அகழி ஓரமாக நடப்பேன். நடந்துகொண்டே அகழியைப் பார், மரத்தைப் பார், திரும்பவும் நேராகப் பார். முதலில் தலை திரும்புகிற பக்கமே கால் போகும். மூன்று மாதத்தில் நேராக வந்தது. நேதாஜி மார்க்கெட்டுக்குள் போக இன்னும் மூன்று மாதம் பிடித்தது. கூட்டம் எதிரும் புதிருமாக நகர்கிற இடத்தில் கண்ணே நம்மை ஏமாற்றும். இன்றைக்கும் களைத்துப்போனால், இருட்டில், மணலில், லேசாக வலப்பக்கம் தள்ளும். அது போகவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் விவசாயக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள். நானும் அப்படித்தான். உடம்பு தேறிவிட்டது என்று ஊர்க் கிணற்றில் குதிக்கப் போனேன், என் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு விசாரித்தால், தண்ணீருக்கு அடியில் பாதத்துக்குத் தரை கிடையாது, கலங்கலில் கண்ணும் தெரியாது, காதும் இல்லையென்றால் மேலே எது கீழே எது என்று தெரியாமல் இன்னும் அடியில் போய்விடுவோமாம். டாக்டர் சம்மதிக்கிற வரை தனியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகினால், ஜுரத்தோடு கடுமையான தலைவலி வந்தால், சளி என்று நினைத்துக் கஷாயம் குடிக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது நான் வீட்டுக்குள் தடி இல்லாமல்தான் நடக்கிறேன். வெளியே போனால் எடுத்துக்கொள்வேன். ராத்திரி கரண்ட் போனால் கை தானாகக் கட்டில் தலைமாட்டுக்குப் போகும், அங்கேதான் மாட்டியிருக்கிறது. பஸ்ஸில் உட்கார இடம் கொடுத்தாலும் சில நேரம் வேண்டாம் என்று சொல்லி, சீட் ஓரத்தில் இடுப்பை ஒட்டவைத்து இரண்டு ஸ்டாப் நின்று பார்ப்பேன். தடி ஒரு கையில், கம்பி ஒரு கையில். வண்டி கிளம்பும்போது "போலாம் ரைட்" என்று வாய் வரை வரும்.

இங்கே வெளியே காத்திருந்தபோது தடியைத் திருப்பிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் சொல்கிற என் தடியிலேயே ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து இரும்பு எட்டிப் பார்க்கிறது, வலப்பக்கம்தான். பஸ் ஏறுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி எதிர்க் கடையில் ஒரு புஷ் வாங்கி மாட்ட வேண்டும். கடை மூடுவதற்குள் போகிறேன். வணக்கம்.