மிளகும் காகிதமும்

நண்பர்களே, ஜெர்மன் வகுப்பில் முதல் வாரமே யாராவது கேட்டுவிடுவார்கள்: "சார், இங்கிலீஷ் ஜெர்மன்லேர்ந்து வந்ததா?" தாய் மகள் உறவு இல்லை இது, அக்கா தங்கை உறவு.

5ஆம் நூற்றாண்டில் வடகடல் ஓரத்திலிருந்து ஆங்கிலர்களும் சாக்சன்களும் பிரிட்டனுக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் போன பிறகு, தெற்கு ஜெர்மன் மலைநாட்டுப் பேச்சில் சில ஒலிகள் இடம் மாறின. ஆங்கிலத்தில் ஆப்பிள், அங்கே ஆப்ஃபெல். ஷிப், ஷிஃப். வாட்டர், வாஸர். டென், ட்ஸேன். ஒன்றிரண்டு சொல் என்றால் தற்செயல் எனலாம். இதுவோ வரிசை தப்பாமல் வருகிறது. ஜெர்மானிய மொழிகளின் ஒலி மாற்றங்களை 1822இல் விதிகளாக ஒழுங்குபடுத்திக் காட்டியவர் யாக்கோப் கிரிம். ஆமாம், தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகள் தொகுத்தாரே, அவரேதான்.

இந்த மாற்றம் வடக்கே முழுதாகப் போய்ச் சேரவில்லை. டுஸ்ஸல்டார்ஃப் நகரின் பென்ராத் பகுதியில் ரைன் ஆற்றைக் கடக்கிறது எல்லைக்கோடு. தெற்கே 'செய்' என்பதற்கு மாஹன். வடக்கே பழைய வட்டார வழக்கில் மாகன். ஆங்கில 'மேக்' யார் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்குப் பிடித்த சாட்சி மிளகு. வடமொழியில் பிப்பலி, நம் நாட்டு மருந்துக் கடையில் திப்பிலி. அந்தப் பெயர் கிரேக்கத்தில் பெப்பெரி ஆகி, லத்தீனில் பிப்பெர் ஆகி, போகிற வழியில் திப்பிலியை விட்டு மிளகைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் பெப்பர், ஜெர்மனில் ப்ஃபெஃபர். இரண்டு பகரமும் மாறியிருக்கின்றன பாருங்கள். அப்படியானால் ஒலி மாறுவதற்கு முன்பே மிளகு அந்த வீட்டுக்குள் போயாயிற்று! காகிதம் தாமதமாகப் போனது. அதனால்தான் அங்கே இன்றும் 'பாப்பியர்', பகரம் அப்படியே இருக்கிறது. கல்வெட்டு தேட வேண்டாம், சொல்லே தேதி சொல்லிவிடுகிறது.

பொருளும் மாறும். ஆங்கிலத்தில் கிஃப்ட் பரிசு. ஜெர்மனில் அதே சொல் விஷம்! அடிப்படைப் பொருள் 'கொடுப்பது'தான். மருந்தின் அளவைக் குறிக்கும் 'டோஸ்' பிறந்த 'டோஸிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அதுவே பொருள்; அந்தச் சாயலில் இதுவும் விஷமானது. நாமும் 'மருந்து வச்சிட்டாங்க' என்று நாசூக்காகச் சொல்வதில்லையா? பழைய பொருள் ஒரே ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது: மிட்கிஃப்ட். 'மிட்' என்றால் உடன். பெண்ணோடு கொடுத்தனுப்புவது, அதாவது வரதட்சணை.

இதைக் கரும்பலகையில் எழுதியபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "விஷம்னே இருக்கட்டும் சார், மாத்தாதீங்க."